பெரியவள் ஆனதும்

சோபனா மாதிரி ஒரு சாதுவை ஆம்பூரில் பார்ப்பது கஷ்டம். பஸ்ஸில் யாராவது அவள் காலை மிதித்துவிட்டால் அவள்தான் மன்னிப்புக் கேட்பாள். ஆனால் மாதத் தேர்வுக்கு எவராவது அசட்டையாக ஒரு கேள்வியைப் போட்டுவிட்டால் போதும், அன்றைக்கு ஆசிரியர் அறையில் எல்லோருடைய டீயும் ஆறிப்போகும். அப்படி ஆறிப்போன டீயை நானும் நிறையக் குடித்திருக்கிறேன். நான் ஹேமலதா, அதே தொடக்கப் பள்ளியில் கணக்கு எடுக்கிறவள். ரெண்டும் ரெண்டும் எந்த வயசிலும் நாலுதானே, எதற்கு இத்தனை ஆராய்ச்சி என்பது என் கட்சி.

"மொழிக்கு வயசு இருக்குது ஹேமா," என்பாள் சோபனா. "ஒண்ணாங்கிளாஸ் புள்ளய காதால கேக்க வெச்சு சோதிக்கணும். மூணாங்கிளாஸுக்குப் பாதி வாக்கியத்த நீ குடு, மீதிய அது எழுதட்டும். அஞ்சாங்கிளாஸுக்கு ஒரு பத்தி குடுத்து, அதுல சொல்லாதத கேளு. வயச மாத்தி கேட்டியானா நீ மொழிய சோதிக்கல, புள்ளய வதைக்கிற."

இது வெறும் பேச்சு இல்லை. ஒருமுறை வெளியிலிருந்து வாங்கிய நாலாம் வகுப்புத் தாளில், 'அப்பர்: குறிப்பு எழுதுக' என்று ஒரு கேள்வி வந்தது. தேவாரம் பாடிய அப்பரை நினைத்து எந்த ஊர்க்காரரோ போட்டது. எங்கள் பிள்ளைகளில் கிட்டத்தட்ட எல்லோருடைய அம்மாக்களும் ஷூ கம்பெனிகளில் வேலை செய்கிறவர்கள். ஷூவின் மேல்பாகத்துக்கு அங்கே அப்பர் என்றுதான் பெயர். ஆகவே வகுப்பு மொத்தமும், 'அப்பர் தோலில் செய்வது, என் அம்மா நன்றாக அப்பர் தைப்பார்' என்று எழுதி வைத்திருந்தது. அப்பருக்கு அடியில் சோல் ஒட்டுவார்கள் என்று ஒருத்தன் கூடுதல் தகவலும் கொடுத்திருந்தான். நாங்களெல்லாம் வயிறு வலிக்கச் சிரித்தோம். சோபனா சிரிக்கவில்லை.

திருத்தி முடித்ததும் எந்தக் கேள்வியில் யார் யார் சறுக்கினார்கள் என்று ஒரு துண்டுத் தாளில் கோடு போட்டுப் பார்ப்பது அவள் வழக்கம். அன்றைக்கும் பார்த்தாள். "எல்லாரும் தப்பா எழுதுனா புள்ளைங்க தப்பு பண்ணல. கேள்வி தப்பு பண்ணியிருக்குது," என்று எழுந்து போய்த் தலைமையாசிரியையிடம் பேசி அந்தக் கேள்வியையே ரத்து செய்ய வைத்தாள். அதன்பிறகு சுற்றுவட்டாரப் பள்ளிகளிலிருந்தெல்லாம் அவளைக் கேள்வித்தாள் எழுதித்தரக் கூப்பிட ஆரம்பித்தார்கள். ஊருக்கெல்லாம் சகுனம் சொல்லும் பல்லி, தான் போய்க் கழுநீர்ப் பானையில் துள்ளி விழும் என்பார்கள். அவள் விழுந்த கதையைத்தான் இப்போது சொல்லவந்தேன்.

ஊருக்கு வெளியே இருக்கும் ஒரு ஷூ கம்பெனிப் பெண்களுக்கு ஞாயிற்றுக்கிழமைகளில் எங்கள் பள்ளியில் தமிழ் எழுதப் படிக்கச் சொல்லிக்கொடுத்து வந்தோம். சோபனாதான் டீச்சர், நான் எடுபிடி. மாதனூர்ப் பக்கத்துக் கிராமங்களிலிருந்து வருவார்கள். மூன்றாம் வகுப்புப் பெஞ்சுகளில் முட்டி இடிக்க இடிக்க உட்காருவார்கள். சோபனா பிள்ளைகளிடம் பேசுகிற அதே குரலில், "நோட்ட எடுங்க கண்ணுங்களா," என்பாள். அவர்களில் பலர் அவளைவிட மூத்தவர்கள். யாரும் எதுவும் சொன்னதில்லை. டீச்சர் ஆசையாகக் கூப்பிடுகிறார் என்று விட்டுவிட்டார்கள் போல.

அவர்களில் ஒருவர் அமிர்தவள்ளி. கம்பெனியில் பசை போடுகிற இடத்தில் வேலை. காலையிலிருந்து சாயங்காலம் வரை நின்றபடியே பசை தடவ வேண்டும். முழங்காலுக்குக் கீழே நரம்பு முடிச்சு முடிச்சாகப் புடைத்திருக்கும். அதே கம்பெனியில் செக்கிங் டேபிள் என்று ஒன்று உண்டு. நூல் பிரிந்ததா, பசை கசிந்ததா என்று பார்த்து, குறையை ஒரு சீட்டில் எழுதி ஷூவில் கட்டிவிட வேண்டும். உட்கார்ந்து செய்கிற வேலை.

"காலு விண்ணு விண்ணுன்னு தெறிக்குது டீச்சர்," என்று அவர் ஒருமுறை சொன்னார். "அந்த டேபிள் மட்டும் கெடச்சா ரிட்டயர் ஆவற வரைக்கும் ஓட்டிடுவேன். இல்லன்னா வேலைய உட்டு நின்னுட வேண்டியதுதான். அதுக்குத்தான் இந்த வயசுல அ, ஆ எழுதிக்கினு கெடக்கறேன்."

கம்பெனியும் அதற்கு ஒரு வழி சொன்னது. சோபனா வைக்கும் தேர்வில் தேறுகிறவர்களுக்கு செக்கிங் டேபிள், தேறாவிட்டால் வெளியிலிருந்து படித்த பெண்களை எடுத்துக்கொள்வார்கள். சொன்னவர் சூரியபிரகாஷ் என்கிற இளைஞர், கம்பெனியில் ஆட்களைப் பார்த்துக்கொள்ளும் அதிகாரி. வார நடுவில் போன் செய்து, வருகிற ஞாயிறே தேர்வு, திங்கள் காலை லிஸ்ட் வேண்டும் என்றார்.

அது எங்களுக்கு அரையாண்டுத் தேர்வு நேரம். சோபனாவின் மேசையில் விடைத்தாள் கட்டுகள் குவிந்து கிடந்தன. புதிதாக ஒரு தாள் எழுத நேரமில்லை. அவளிடம் பல வருஷமாக ஓடித் தேறிய ஒரு மூன்றாம் வகுப்புத் தாள் இருந்தது. பெண்களும் கிட்டத்தட்ட அந்த அளவுக்குத்தான் படித்திருக்கிறார்கள். அதையே எடுத்தாள். 'வகுப்பு' என்ற இடத்தை நீக்கினாள். படங்களில் பம்பரத்தை எடுத்துவிட்டுக் குக்கர் போட்டாள். ஒன்பதாவது கேள்வி, வாக்கியத்தை நிறைவு செய்வது. 'நான் பெரியவன் ஆனதும்' என்று போட்டு ஒரு கோடு இழுத்திருக்கும். பிள்ளைகள் டாக்டர் ஆவேன், போலீஸ் ஆவேன் என்று எழுதி நிரப்புவார்கள். எதிர்கால வினை சரியாக வருகிறதா என்று பார்க்கிற கேள்வி.

எழுதப் போகிறவர்கள் அத்தனை பேரும் பெண்கள் என்பதால் அதில் 'ன்' என்பதை 'ள்' என்று மாற்றினாள். நான் பெரியவள் ஆனதும். அச்செடுக்கும் முன்னால் என்னிடம் காட்டி, "பாத்தியா, அவங்களுக்குன்னு மாத்திட்டேன்," என்றாள். நானும் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பார்த்தேன். படித்த பெண்கள் இரண்டு பேர் பார்த்தோம், இரண்டு பேருக்கும் ஒன்றும் உறைக்கவில்லை.

கம்பெனி கேன்டீனில் தேர்வு நடந்தது. சூரியபிரகாஷ் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு மேசைகளுக்கு நடுவே உலாத்திக்கொண்டிருந்தார். முதல் பக்கம் வரைக்கும் ஒரே கலகலப்பு. தாளைத் திருப்பினார்கள், பேச்சு நின்றுவிட்டது. ஒரு பெண் முந்தானையை இழுத்துத் தாளை மறைத்துக்கொண்டார். அமிர்தவள்ளி தலையைத் தூக்கிச் சோபனாவைப் பார்த்தார், பிறகு சூரியபிரகாஷைப் பார்த்தார், பிறகு குனிந்தார். ரொம்ப நேரம் பேனா அசையவில்லை. அப்புறம் மெதுவாக எழுதினார்.

"எப்டி யோசிச்சு எழுதறாங்க பாரு," என்று சோபனா என் காதில் சொன்னாள். அவளுக்கு அவ்வளவு பெருமை.

சாயங்காலமே அவள் வீட்டில் உட்கார்ந்து திருத்தினோம். அவள் சிவப்புப் பேனாவில் போட்டுக்கொண்டே போக, நான் மதிப்பெண்ணைக் கூட்டிக்கொண்டே வந்தேன். ஒன்பதாவது கேள்வி வரும்போதெல்லாம், "எதிர்காலம் வரல," என்று ஒரு பெருக்கல் குறி. அடுத்தது, அதே பெருக்கல் குறி. அமிர்தவள்ளிக்கும் அதேதான், அதனாலேயே கொஞ்சத்தில் தோற்றார். சோபனா உச்சுக்கொட்டினாள். ஆனால் விடிந்தால் லிஸ்ட்டும் தாள்களும் கம்பெனிக்குப் போக வேண்டும் என்ற அவசரத்தில் அவள் அந்தத் துண்டுத் தாளில் கோடு போட்டுப் பார்க்கவில்லை. எப்போதும் செய்கிறதை அன்றைக்கு மட்டும் செய்யவில்லை.

அடுத்த ஞாயிறு அமிர்தவள்ளி வரவில்லை. கூட வேலை செய்யும் ராஜம்மாள்தான் விஷயத்தைச் சொன்னார். அவருக்குப் பேரன் பேத்தி எடுத்த வயது, எதையும் மறைத்துப் பேசத் தெரியாதவர்.

"அவ வரமாட்டா டீச்சர். பேஜாராயிட்டா. லிஸ்ட்ட வாசல்ல வருகைக்கு பஞ்ச் வெக்கிற எடத்துல ஒட்டிட்டாங்க, போறவங்க வர்றவங்க எல்லாம் பாத்தாங்க. அதுகூட பரவால்ல. பேப்பர திருப்பிக் குடுக்கறப்ப அந்த ஆபீசர் தம்பி, 'இன்னாக்கா, பரிட்ச பேப்பர்ல இதெல்லாமா எழுதுவாங்க'ன்னு லைன்ல எல்லாரும் இருக்கசொல்லோ கேட்டுட்டுது. அது மனசுல ஒண்ணும் வெச்சுக்கினு கேக்கல, சின்னப் புள்ள. ஆனா அவ அன்னிக்கு பூரா தலையே தூக்கல."

"என்ன எழுதியிருந்தாங்க?" என்று சோபனா கேட்டாள்.

ராஜம்மாள் ஒரு மாதிரியாகப் பார்த்தார். "நீங்கதான டீச்சர் திருத்துனீங்க?"

சோபனா மற்றவர்களின் தாள்களை வாங்கி மேசைமேல் பரப்பினாள். ஒன்பதாவது கேள்வியை மட்டும் வரிசையாகப் பார்த்தாள். எல்லாவற்றிலும் சிவப்புப் பெருக்கல். நானும் எட்டிப் பார்த்தேன்.

நான் பெரியவள் ஆனதும் மாமா வந்து ஓலைக் குடிசை கட்டினார். நான் பெரியவள் ஆனதும் தாவணி போட்டார்கள். நான் பெரியவள் ஆனதும் கம்பெனிக்கு அனுப்பினார்கள். நான் பெரியவள் ஆனதும் அப்பா பேசவில்லை. ஒரு தாளில் ஏதோ எழுதி, தாள் கிழிகிற அளவுக்கு அழித்திருந்தது.

எங்கள் பக்கத்தில் ஒரு பையன் பெரியவன் ஆனான் என்றால் வளர்ந்தான் என்று அர்த்தம், அவ்வளவுதான். ஒரு பெண் பெரியவள் ஆனாள் என்றால் அதற்கு வேறு அர்த்தம். அதைச் சத்தமாகக்கூடச் சொல்ல மாட்டார்கள். சோபனா மாற்றியது ஒரே ஓர் எழுத்து. அந்த ஓர் எழுத்தில், 'நீ வளர்ந்து என்ன ஆகப் போகிறாய்' என்ற கேள்வி, 'நீ வயசுக்கு வந்ததும் உன்னை என்ன செய்தார்கள்' என்று ஆகிவிட்டது. அதை ஓர் ஆண் உலாத்துகிற அறையில் உட்கார வைத்துக் கேட்டிருக்கிறோம்.

சோபனாவின் முகம் வெளுத்து, பிறகு காது வரைக்கும் சிவந்தது. யாருக்குத் தெரியாவிட்டாலும் அவளுக்குத் தெரிந்திருக்க வேண்டும். அவள் வேலூர் லாங் பஜாரை ஒட்டிய சந்தில் வளர்ந்தவள். ஆறாம் வகுப்பு படிக்கும்போது அவளுக்கு மஞ்சள் நீராட்டு விழா வைத்து, சந்து முனையில் ஆளுயர பேனர் கட்டினார்கள். தலையில் கிரீடம், பின்னால் அருவி, நடுவில் அவள். தள்ளுவண்டிக்காரர்கள், மூட்டை தூக்குகிறவர்கள், கூடப் படிக்கிற பையன்கள் என்று ஊரே பார்த்தது. அந்த பேனரை அவிழ்த்த பிறகும் வெகுநாள் அவள் கோட்டைப் பக்கமாகச் சுற்றிக்கொண்டுதான் பள்ளிக்கூடம் போனாளாம். இதை என்னிடம் ஒரே ஒருமுறைதான் சொல்லியிருக்கிறாள், அதுவும் முகத்தைத் திருப்பிக்கொண்டு.

"நான் அந்த வரிங்கள படிக்கவே இல்ல ஹேமா," என்றாள் வகுப்பு முடிந்ததும். "கடைசி சொல்ல மட்டும் பாத்தேன். காலம் சரியா வந்துதான்னு மட்டும் பாத்தேன். அவங்க என்கிட்ட என்னென்னவோ சொல்லியிருக்காங்க, நான் எல்லாத்துக்கும் தப்புன்னு போட்டுட்டேன்."

மறுநாள் அரைநாள் லீவு போட்டுக் கம்பெனிக்குப் போனோம். ஒன்பதாவது கேள்வியை நீக்கிவிட்டு அதற்குரிய மதிப்பெண்ணை எல்லோருக்கும் கொடுக்க வேண்டும் என்று சோபனா சொன்னாள்.

"ஏன் மேடம், அந்தக் கேள்வில இன்னா ப்ராப்ளம்?" என்றார் சூரியபிரகாஷ்.

சோபனா மேசைமேல் இருந்த பேப்பர் வெயிட்டைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அப்பர் கேள்விக்காகத் தலைமையாசிரியையிடம் சண்டை போட்டவள் இவள்தானா என்று எனக்கே சந்தேகம் வந்துவிட்டது.

"அச்சுப் பிழை," என்றாள் கடைசியில்.

"அவ்ளோதானா, பரவால்ல மேடம். நோட்டீஸ் போட்டுர்றேன்," என்று அவர் சட்டென்று முடித்துவிட்டார். மதிப்பெண் கூடியதில் அமிர்தவள்ளி தேறிவிடுவார் என்று அங்கேயே கணக்குப் போட்டுப் பார்த்தேன். எனக்கு நிம்மதியாக இருந்தது. ஷேர் ஆட்டோவில் திரும்பி வந்து பள்ளிக்கு முன்னால் இறங்கும்போது சோபனா சொன்னாள்.

"அந்தப் பையன் முன்னாடி அந்த வார்த்தைக்கு அர்த்தம் சொல்ல எனக்கு வாய் வரல ஹேமா. அவங்கள மட்டும் எழுத வெச்சேன்."

வெட்கமாக இருக்கிறது என்று அவள் அன்றைக்குப் பலமுறை சொன்னாள். இருக்கத்தான் வேண்டும் என்று நினைத்துக்கொண்டேன்.

அதற்கடுத்த ஞாயிறு அமிர்தவள்ளி வந்தார். செக்கிங் டேபிளில் போட்டுவிட்டார்களாம். பெஞ்சில் முட்டியை மடக்கி உட்கார்ந்தார். கட்டைப் பையிலிருந்து நாலாக மடித்த விடைத்தாளை எடுத்து மேசைமேல் வைத்தார்.

"போர்டுல ஒட்டுன நோட்டீஸ நானே எழுத்துக்கூட்டிப் படிச்சேன் டீச்சர்," என்றார். "ஒன்பதாவது கேள்வில அச்சுப் பிழைன்னு போட்டிருக்குது. அச்சுப் பிழைன்னா இன்னா?"

"அச்சடிக்கறப்ப வர்ற தப்பு," என்றாள் சோபனா.

"அப்ப நீங்க கேட்டது அது இல்லியா?"

"இல்ல."

"பின்ன இன்னா கேட்டீங்க?"

சோபனா சாக்பீஸைக் கையில் உருட்டிக்கொண்டிருந்தாள். "வளந்து பெரிய ஆளானதும் என்ன வேலைக்குப் போவீங்கன்னு."

முதலில் சிரித்தது ராஜம்மாள்தான். "என் பேரனே ஸ்கூலுக்குப் போறான். நான் எப்ப டீச்சர் பெரிய ஆளாவறது?" வகுப்பு முழுக்கச் சிரிப்பு பரவியது. அமிர்தவள்ளி சிரிக்கவில்லை. அவர் அந்தச் சின்னப் பெஞ்சையும், சுவரில் ஒட்டியிருந்த பொம்மைப் படங்களையும் ஒருமுறை பார்த்தார்.

"அப்ப அது கொழந்தைங்க பேப்பரா டீச்சர்?"

இன்னொரு அச்சுப் பிழை சொல்லித் தப்பித்துவிடுவாளோ என்று நான் பயந்தேன்.

"ஆமாக்கா," என்றாள் சோபனா. அவள் யாரையும் அந்த வகுப்பில் அக்கா என்று கூப்பிட்டு நான் கேட்டது அதுதான் முதல் தடவை. "மூணாங்கிளாஸ் பேப்பர். நான்தான் உங்களுக்குக் குடுத்தேன். அச்சுப் பிழையெல்லாம் இல்ல. நான் பண்ண தப்பு."

சிரிப்பு அடங்கிவிட்டது. அமிர்தவள்ளி கோபப்படுவார் என்று நினைத்தேன். அவர் கோபப்பட்டிருந்தால் சோபனாவுக்குச் சுலபமாக இருந்திருக்கும்.

"எனக்கு ரொம்பக் கூச்சமா இருந்துச்சு டீச்சர். ஆம்பள நடமாடற எடத்துல இத போய் கேக்கறாங்களேன்னு. அப்பறம், டீச்சர் கேட்டா ஏதோ காரணம் இருக்கும்னு எழுதிட்டேன். எங்க வீட்டுக்காரர்கிட்டகூட நான் அத சொன்னதில்ல." அவர் தாளைப் பிரித்து அவள் பக்கம் நகர்த்தினார். "நீங்க தப்புன்னு போட்டுட்டிங்க. அது தப்பு இல்ல டீச்சர். அதான் நடந்துச்சு."

சோபனா குனிந்து அந்த வரியைப் படித்தாள். இந்த முறை முழுதாகப் படித்தாள். நானும் படித்தேன். நான் பெரியவள் ஆனதும் பள்ளிக்கூடத்தை நிருத்திவிட்டார்கள்.

அவள் பேனாவை எடுத்துத் தன் பெருக்கல் குறியை அடித்தாள். பக்கத்தில் சரி என்று ஒரு கோடு இழுத்தாள். அது கோணலாகப் போயிற்று. தாளைத் திருப்பிக் கொடுக்கும்போது அவளால் அமிர்தவள்ளியின் முகத்தைப் பார்க்க முடியவில்லை.

அமிர்தவள்ளி தாளை வாங்கவில்லை. "எழுத்துல தப்பு ஒண்ணும் இல்லியா?" என்றார்.

சோபனா என்னைப் பார்த்தாள். அந்த 'ரு' இரண்டு பேர் கண்ணிலும் பட்டிருந்தது. ஒற்று விட்டால்கூட விடாதவள், இன்றைக்கு அதைப் பார்க்காத மாதிரி விட்டுவிடத்தான் இருந்தாள்.

"இருந்தா சொல்லுங்க டீச்சர். பாவம்னு உட்றாதீங்க. அத கத்துக்கத்தான வர்றேன்."

"ஒண்ணே ஒண்ணு இருக்குதுக்கா," என்றாள் சோபனா. விரலை அந்தச் சொல்லின்மேல் வைத்தாள். "நிறுத்தறதுக்குப் பெரிய ற வரும்."

அமிர்தவள்ளி பேனாவை வாங்கிக்கொண்டார். அடித்துத் திருத்தவில்லை, கீழே இருந்த வெற்றிடத்தில் வரியை முதலிலிருந்து எழுதினார். நான் பெரியவள் ஆனதும் பள்ளிக்கூடத்தை நிறுத்திவிட்டார்கள். எழுதியதைச் சோபனாவிடம் காட்டினார். அதில் பிழை எதுவும் இல்லை.